மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தண்டிக்கப்பட்டவர் இறந்துவிட்டால்?

உசிலம்பட்டிக்காரன்: ஐயா, கிராம நிர்வாக அலுவலராக இருந்த என் சித்தப்பாவுக்கு லஞ்ச வழக்கில் மூன்று ஆண்டு சிறையும் அபராதமும் விதிக்கப்பட்டன. 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்து ஜாமீனில் இருந்தவர், சென்ற வாரம் காலமாகிவிட்டார். ஆள் போனதும் வழக்கும் போய்விட்டது, இனி அலைய வேண்டாம் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்கிறார்கள். சித்தியோ அந்தப் பழி நீங்க வேண்டும் என்கிறார். வழக்கை நான் ஏற்று நடத்தலாமா?

புதூர் வழக்கறிஞர்: துக்க வீட்டில் பேசப்படும் சட்டம் பெரும்பாலும் பாதிதான் சரியாக இருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தாலும், தங்கள் சித்தப்பாவின் 2022 மேல்முறையீட்டுக்குப் பழையதே பொருந்தும்) 394ஆம் பிரிவின்படி, மேல்முறையீடு செய்தவர் இறந்தால் அது அற்றுப்போகும் என்பது உண்மையே. ஆனால் அற்றுப்போவது மேல்முறையீடுதானே தவிர, கீழ் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அன்று. யாரும் எதுவும் செய்யாவிட்டால் அவர் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நின்றுவிடும்.

மரண தண்டனையையோ சிறைத் தண்டனையையோ எதிர்த்த மேல்முறையீடாக இருந்தால், இறந்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் நெருங்கிய உறவினர் ஒருவர் அதைத் தொடர அனுமதி கேட்டு மனு செய்யலாம். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் முதலிய நேர் வாரிசுகள், உடன்பிறந்தோர் ஆகியோரையே சட்டம் நெருங்கிய உறவினர் என்கிறது. அண்ணன் மகனான தங்களுக்கு அதில் இடமில்லை. சித்தி பெயரில்தான் மனு செய்ய வேண்டும்.

மேலூர் வாசகர்: ஜெயலலிதா வழக்கில் யாரும் இப்படித் தொடரவில்லையே?

புதூர் வழக்கறிஞர்: அது வேறு வகை. கர்நாடக உயர் நீதிமன்றம் 2015இல் அளித்த விடுதலையை எதிர்த்து அரசுத் தரப்பு செய்த மேல்முறையீடு அது. 2016 டிசம்பர் 5 அன்று அவர் மறைந்ததால், 2017 பிப்ரவரி 14 தீர்ப்பில் அவரைப் பொறுத்தவரை அது அற்றுப்போனதாக உச்ச நீதிமன்றம் கூறி, மற்ற மூவரின் விடுதலையை ரத்துசெய்து, விசாரணை நீதிமன்றம் அவர்களுக்கு விதித்த தண்டனையை உறுதிசெய்தது.

உசிலம்பட்டிக்காரன்: நன்றி ஐயா. அபராதம் என்ன ஆகும்?

புதூர் வழக்கறிஞர்: அபராதப் பொறுப்பு சாவோடு தீர்வதில்லை, அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து வசூலிக்க வழியுண்டு. அதனாலேயே, சிறையோடு அபராதமும் சேர்ந்த தண்டனையாயின் அபராதத்தைப் பொறுத்தவரை மேல்முறையீடு அற்றுப்போகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியுள்ளது. இருந்தாலும் அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். இறப்புச் சான்றிதழைப் பெற்று, வாரிசுச் சான்றிதழ் வரும்வரை காத்திராமல், திருமண உறவைக் காட்டும் ஆவணத்தோடு சித்தியை இந்த வாரமே தங்கள் வக்கீலிடம் அழைத்துச் செல்லுங்கள்.