முன்பக்கம் திரும்ப மறுக்கிறது, நேரமும் குறையவில்லை (ஆட்டோகிராஸ், அவசர உதவி)

வெள்ளைக்குதிரை:
ஞாயிற்றுக்கிழமை ஆட்டோகிராஸ் போட்டி, கூம்புகள் வைத்த பாதையில் ஒவ்வொருவராக நேரத்துக்கு எதிராக ஓட்டுவது. மூன்று போட்டிகளாக என் நேரம் 58 வினாடிக்குக் கீழே இறங்கவே இல்லை. இறுக்கமான திருப்பங்களில் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேராகவே தள்ளிக்கொண்டு போகிறது, டயர் கிறீச்சிடுகிறது. கூம்பை இடித்துவிடுவேன் என்று பயந்து காலை எடுக்கிறேன். இடித்தால் ஒரு கூம்புக்கு 2 வினாடி அபராதம். குட்டையான ஸ்பிரிங் போட்டால் சரியாகுமா, டயரை மாற்ற வேண்டுமா? இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை, ஏதாவது ஒன்றுதான் முடியும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

சக்கரவாகம்:
முன்சக்கர இயக்கமா, பின்சக்கர இயக்கமா? என்ன டயர், எத்தனை வயது? காற்று எவ்வளவு, அதை எப்போது அளந்தீர்கள், ஓட்டத்துக்கு முன்பா பின்பா? தள்ளுவது திருப்பத்துக்குள் நுழையும்போதா, நடுவிலா, ஆக்சிலரேட்டரை மிதித்து வெளியேறும்போதா? இவை மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள். ஒரே மருந்து கிடையாது.

மூன்றாம்கியர்:
முன்சக்கர இயக்கமாகத்தான் இருக்கும், நீங்கள் எழுதியதிலேயே தெரிகிறது. ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். பின்பக்கத்துக்குத் தடித்த ஆன்டி ரோல் பார் (இடது வலது சக்கரங்களை இணைத்து, கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஒன்று போடுங்கள். கார் சாயும்போது உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் எடையில் பெரும்பங்கைப் பின்சக்கரங்கள் தாங்கிக்கொள்ளும், முன்பக்க வெளிச்சக்கரத்தின் சுமை குறையும். என் கார் இந்த ஒரு மாற்றத்தில்தான் திரும்பக் கற்றுக்கொண்டது. வாங்கும் முன் உங்கள் பிரிவின் விதி அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள்.

பட்டறைவாசி:
பார் இரண்டாவது. முதலில் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம். சாதாரண காரில் முன்சக்கரம் ஏறக்குறைய செங்குத்தாகவே நிற்கும். மெக்ஃபர்சன் வகை சஸ்பென்ஷன் (பல சிறிய கார்களின் முன்பக்கத்தில் இருப்பது) என்றால், கார் சாய்ந்ததும் வெளிச்சக்கரத்தின் தலை வெளியே சரிந்து, டயர் தன் விளிம்பில் நிற்கிறது. அகலமான டயர் வாங்கி அதில் பாதியை மட்டும் பயன்படுத்துவது போன்றது அது. சக்கரத்தின் தலை உள்ளே சாயும்படி மைனஸ் 2 பாகை வரை வைத்துப் பாருங்கள். குட்டை ஸ்பிரிங் வேண்டாம். அளவுக்கு மீறித் தாழ்த்தினால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் ஆர்ம் மேல்நோக்கிச் சரிந்து, கேம்பர் இன்னும் கெடும்.

வெள்ளைக்குதிரை:
முன்சக்கர இயக்கம், 1.2 லிட்டர், ஐந்து கியர். காற்று நான்கிலும் 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு), காலையில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். டயர் காருடன் வந்தது, பட்டன் நன்றாகவே இருக்கிறது. தள்ளுவது எல்லா இடத்திலும்தான்.

தார்ச்சாலை:
தம்பி, இந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ முறை பதில் எழுதியிருக்கிறேன். பழைய இழைகளைப் படித்திருந்தால் உங்களுக்கும் நேரம் மிச்சம், எங்களுக்கும் மிச்சம். புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில் ஸ்பிரிங் விலையைத்தான் கேட்கிறார்கள், இருக்கையில் உட்காருவது எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை.

அடிப்படைக் கணக்கு ஒன்று சொல்கிறேன். ஒரே வளைவை 50 கி.மீ. வேகத்துக்குப் பதில் 55-இல் எடுக்க, டயரிடம் 21 சதவீதம் கூடுதல் பிடி வேண்டும். வேகம் பத்து சதவீதம்தான் கூடியது, தேவை அதன் வர்க்கத்தில் கூடுகிறது. நீங்கள் 5 கி.மீ. அதிகமாக நுழைந்துவிட்டு, எந்தக் கடையிலும் கிடைக்காத 21 சதவீதத்தைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். பிரேக்கை இன்னும் முன்னதாக, நேராகப் போகும்போதே மிதியுங்கள். கைகளை ஒன்பது மணி, மூன்று மணி நிலையிலிருந்து எடுக்கவே கூடாது. இவை இரண்டும் வந்த பிறகு கேம்பர் பற்றிப் பேசலாம்.

சக்கரவாகம்:
குதிரை, "எல்லா இடத்திலும்" என்பது பதில் அல்ல, அடுத்த முறை கவனித்து எழுதுங்கள். இப்போதைக்குக் காற்று. 33 என்பது சாலைக்கு. ஆட்டோகிராஸில் முன் டயரின் பக்கச்சுவர் மடிந்து தரையில் தேயும். வரிசையில் நிற்கும்போது, டயரின் தோள்பட்டையிலிருந்து (தரையில் படும் பரப்பு முடியும் விளிம்பு) பக்கச்சுவர் வரை சாக்பீஸால் மூன்று இடத்தில் கோடு போடுங்கள். ஓட்டம் முடிந்ததும் குனிந்து பாருங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று போதவில்லை. தோளின் முனையில் நின்றிருந்தால் சரி. முனையைத் தொடவே இல்லை என்றால் அதிகம். முன்னால் 38-இல் தொடங்குங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அளக்க வேண்டும், ஏனென்றால் டயர் 5, 6 டிகிரி சூடானாலே 1 பி.எஸ்.ஐ. ஏறிவிடும்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அதைப் பார்த்து எழுதுங்கள். பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கலாம்.

நீலமணி:
தார்ச்சாலை ஐயா, கையை எடுக்கவே கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. ஸ்லாலத்துக்கு, அதாவது வரிசைக் கூம்புகளுக்கு இடையே இடமும் வலமுமாக வளைந்து போவதற்கு, அது சரி. ஒரு கூம்பைச் சுற்றி முழுதாகத் திரும்பி வர வேண்டிய இடத்தில், சாதாரண காரின் ஸ்டீயரிங்கை ஒரு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டியிருக்கிறது. கையைப் பூட்டிக்கொண்டு அதை எப்படிச் செய்வது? முழங்கைகள் பின்னிக்கொள்ளும்.

தார்ச்சாலை:
திருப்பத்துக்கு முன்பே ஒரு கையை மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். விதிவிலக்கைக் காட்டி விதியை உடைக்காதீர்கள். கையைக் கைமாற்றி இழுப்பவருக்குச் சக்கரம் எங்கே நேராகிறது என்பதே தெரியாது.

நீலமணி:
முன்பே மாற்றி வைப்பதும் கையை எடுப்பதுதானே ஐயா. இதைத்தான் நான் சொன்னேன்.

மூன்றாம்கியர்:
இருவரும் சொல்வது ஒன்றுதான். பார் பற்றி யாருமே பேசவில்லை.

பட்டறைவாசி:
ஏனென்றால் கேம்பர் இல்லாமல் பார் போட்டுப் பயனில்லை. பின்பக்கத்தைக் கெட்டியாக்கினால் முன்பக்கம் நன்றாகத் திரும்புவது போலத் தெரியும், உண்மை. ஆனால் பின் பிடியைக் குறைத்துச் சமன் செய்வது ஒரு வழி, முன் பிடியைக் கூட்டுவது வேறு வழி. நான் இரண்டாவதையே சொல்வேன்.

வெள்ளைக்குதிரை:
ஒன்று சொல்ல விட்டுப்போனது. முக்கியமா என்று தெரியவில்லை. என் தங்கையும் இதே காரில், இதே நாளில், இதே டயரில் ஓட்டுகிறாள். அவள் நேரம் 55.

மூன்றாம்கியர்:
நீங்கள் ஓட்டிச் சூடாக்கிய டயரில் அவர் ஓட்டுகிறார். இரண்டாவதாக ஓட்டுபவருக்கு அந்தச் சலுகை உண்டு.

வெள்ளைக்குதிரை:
இல்லை, அவள்தான் முதலில் ஓட்டுகிறாள்.

தார்ச்சாலை:
இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். பாதி இழை மிச்சமாகியிருக்கும். இன்றைக்கு ஸ்பானரைத் தொடாதீர்கள், பணத்தையும் செலவழிக்காதீர்கள். அந்த 3 வினாடி காருக்குள் இருக்கிறது, காரில் இல்லை. தங்கையிடம் கேட்டீர்களா?

நீலமணி:
எனக்கும் இதே நிலை இருந்தது, அதனால் விரிவாக எழுதுகிறேன். ஸ்டீயரிங்கின் உச்சியில், பன்னிரண்டு மணி இடத்தில், ஒரு துண்டு மஞ்சள் டேப் ஒட்டினேன். தலைக்குப் பின்னால் கேமராவைக் கட்டி வைத்து ஓட்டினேன். வீட்டில் பார்த்தபோது, ஒரு திருப்பத்தில் டேப் மூன்று மணி வரை போகிறது, கார் வளைகிறது. டேப் ஐந்து மணிக்குப் போகிறது, வெளியே தெரியும் கூம்புகள் அதே இடத்திலிருந்து நகரவே இல்லை. அந்தக் கூடுதல் இரண்டு மணி முழுக்க வீண். பிறகு பயத்தில் காலை எடுத்திருக்கிறேன், எடை முன்னால் வந்திருக்கிறது, கார் சடாரென்று உள்ளே பாய்ந்திருக்கிறது. அதைத் திருத்த இன்னொரு வினாடி.

டயர் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் இடையே சிறு கோணம் இருக்கும். சாலை டயர் பெரும்பாலும் 6 முதல் 10 பாகைக்குள் தன் முழுப் பிடியையும் கொடுத்துவிடும். அதற்கு மேல் ஒடித்தால் பிடி கூடாது, குறையும். கிறீச்சிடும்போது செய்ய வேண்டியது, நம்புவதற்குக் கடினமானது: ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பி விடுங்கள். இரண்டு விரற்கடை போதும். முன்சக்கரம் மறுபடி கவ்வுவதைக் கையிலேயே உணர்வீர்கள். கனமாகும். எனக்கு அது முதன்முதலில் நேர்ந்தபோது கார் வேறு கார் போல இருந்தது, இன்றும் அந்தக் கனத்தை என் உள்ளங்கை நினைவு வைத்திருக்கிறது.

ஏன் அதிகம் ஒடிக்கிறோம்? அருகிலுள்ள கூம்பைப் பார்ப்பதால். கூம்புகள் 18 மீட்டர் இடைவெளியில் இருந்து நீங்கள் 60 கி.மீ. வேகத்தில் போனால், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஒரு வினாடிதான். கூம்பு பக்கத்தில் வந்த பிறகு திருப்பத் தொடங்கினால் எப்போதும் தாமதம், தாமதத்தை ஈடுகட்டக் கூடுதல் ஒடிப்பு. ஸ்லாலத்தில் கூம்பைக் கடக்கும் முன்பே அடுத்த பக்கத்துக்குத் திருப்பத் தொடங்க வேண்டும், கண் மூன்றாவது கூம்பில் இருக்க வேண்டும். பாதையை நடந்து பார்க்கும்போது, குந்தி உட்கார்ந்து ஓட்டுநரின் கண் உயரத்திலிருந்து பாருங்கள். நின்று பார்த்தால் தெரியும் வழி இருக்கையிலிருந்து தெரியாது.

தார்ச்சாலை:
நீலமணி எழுதியது சரி. கை விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை.

சக்கரவாகம்:
தங்கையின் பக்கத்து இருக்கையில் ஒரு ஓட்டம் உட்காருங்கள், விதி இடம் கொடுத்தால். அவர் கையைப் பாருங்கள், பாதையைப் பார்க்காதீர்கள். அந்த நான்கு இலக்கம் என்ன?

பட்டறைவாசி:
55 வினாடிக்காரருக்கும் கேம்பர் தேவைதான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

வெள்ளைக்குதிரை:
போட்டி முடிந்தது. காற்று முன் 38, பின் 35. டேப் ஒட்டினேன். முதல் இரண்டு ஓட்டம் 58. மூன்றாவதில் ஸ்டீயரிங்கைத் திருப்பி விட்டேன், கனமானது. 56.2. கூம்பு எதுவும் விழவில்லை. தங்கை 54.7. எல்லோருக்கும் நன்றி.

நீலமணி:
மிகவும் மகிழ்ச்சி! வீடியோவில் டேப் எத்தனை மணி வரை போகிறது?

சக்கரவாகம்:
சாக்பீஸ் கோடு எங்கே நின்றது? டயரின் நான்கு இலக்கத்தை இன்னும் சொல்லவில்லை.

மூன்றாம்கியர்:
மூன்று நாளாகப் பதில் இல்லை. குதிரை, இருக்கிறீர்களா?