ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் ஓரெட்டிலிருந்து தொடங்கும் பிள்ளை

வட்டக்கச்சித் தாய்:

அனைவருக்கும் வணக்கம். என் மகன் தரம் 4இல் படிக்கிறான். எட்டாம் வாய்ப்பாட்டை ஓரெட்டு எட்டு, ஈரெட்டுப் பதினாறு என்று தொடங்கிப் பத்தெட்டு எண்பது வரை ஒரே மூச்சில் ஒப்புவிக்கிறான். ஆனால் ஏழெட்டு எத்தனை என்று தனியாகக் கேட்டால், உதடுகள் அசைய ஓரெட்டிலிருந்தே ஏறிவந்துதான் 56 என்கிறான். வகுத்தல் என்றாலோ, அது தான் கேள்விப்படாத வேறொரு பாடம் என்பது போல என் முகத்தைப் பார்க்கிறான். முந்தாநாள் இரவு அவனுடைய கொப்பியைப் புரட்டினேன். 42 ÷ 6 என்ற கணக்குக்கு நாற்பத்திரண்டு கோடுகள் போடத் தொடங்கி, ஒரு கோட்டைத் தவறவிட்டு, போட்டவற்றை ஆறு ஆறாக வட்டமிட்டு, விடை 6, மீதி 5 என்று எழுதியிருந்தான். அத்தனை பாடுபட்டு எழுதிய விடை பிழையாகிக் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

1996இல் கிளிநொச்சியிலிருந்து நாங்கள் இடம்பெயர்ந்தபோது நானும் இவன் வயதுப் பிள்ளைதான். மரநிழலில் நடந்த வகுப்பில் வாய்ப்பாட்டைப் பாடிப் பாடியே மனனம் செய்தோம். வகுத்தலை ஊன்றிப் படிக்க எனக்கு வாய்க்கவில்லை. ஆகையால் அதை இவனுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுப்பது என்று தெரியவில்லை. அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சையும் வருகிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

முள்ளியவளை ஓய்வுநிலை ஆசிரியர்:

மகளே, ஆரம்பப் பிரிவில் நீண்ட காலம் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்கு வாய்ப்பாடு தெரியாமல் இல்லை. அது அவனுக்கு ஒரு பாட்டாகத் தெரிந்திருக்கிறது. பாட்டின் நடுவடியை மட்டும் கேட்டால் பெரியவர்களும் முதலடியிலிருந்துதான் தொடங்குவோம். அத்தோடு, நம் வாய்ப்பாட்டில் ஏழெட்டு என்பது எட்டாம் வாய்ப்பாட்டிலும் எட்டேழு என்பது ஏழாம் வாய்ப்பாட்டிலும் வருவதால், இரண்டும் ஒன்றே என்பது பல பிள்ளைகளுக்கு நெடுநாள் தெரிவதில்லை.

முற்றத்து மணலில் விரலால் குழி பதித்து, வரிசைக்கு எட்டுக் குழியாக ஏழு வரிசை போட்டு, குழிக்கொரு புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள். பிறகு அவனை எழுப்பி, பக்கத்துப் பக்கமாக வந்து குந்தச் சொல்லுங்கள். இப்போது அவன் கண்ணுக்கு ஏழு கொட்டைகள் கொண்ட எட்டு வரிசைகள் தெரியும். ஒரு கொட்டையும் கூடவில்லை, குறையவில்லை என்பதை அவனே சொல்லட்டும்; நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

இது விளங்கிவிட்டால் சுமை பாதியாகும். பத்தாம் வாய்ப்பாடு வரை உள்ள 100 பெருக்கல்களில், இடம்மாறி வருபவற்றை ஒன்றாக எண்ணினால் 55தான் மிஞ்சும். அவற்றிலும் 1, 2, 5, 10 ஆகியவற்றின் வாய்ப்பாடுகள் அவனுக்கு ஏற்கெனவே கைவந்திருக்கும். அவற்றையும் நீக்கினால் எஞ்சுவது வெறும் 21. ஒன்பதாம் வாய்ப்பாட்டு விடைகளின் இரு இலக்கங்களையும் கூட்டினால் ஒன்பது வரும் என்பதைக் கண்டுகொண்டானானால் அதிலும் ஆறு குறைந்து 15 ஆகிவிடும்.

அந்தப் பதினைந்துக்கும் பழைய கலண்டர் மட்டையில் முக்கோண அட்டைகள் வெட்டுங்கள். மேல் மூலையில் 56, கீழ் மூலைகளில் 7, 8 என எழுதுங்கள். மேல் மூலையைப் பெருவிரலால் மறைத்துக் காட்டினால் அது பெருக்கல்; கீழ் மூலை ஒன்றை மறைத்தால் அது வகுத்தல். வகுத்தலைத் தனிப் பாடமாக நினைக்காமல், அந்த மூன்று எண்களுக்குள்ளே மறைந்திருக்கும் ஒன்றைத் தேடுவதாகவே பிள்ளை நினைக்கப் பழக வேண்டும். நாளொன்றுக்குப் புதிதாக இரண்டு அட்டைகள் போதும். அவற்றைத் தெரிந்த அட்டைகளோடு கலந்து, பத்து நிமிடங்களுக்கு மேற்படாமல் கேளுங்கள்.

ஒட்டுசுட்டான் விவசாயி:

ஆசிரியர் ஐயா சொன்னதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. வாய்ப்பாட்டைப் பாடுவதைப் பெற்றோர் கைவிட்டுவிடக் கூடாது. நெல் விற்கும் இடத்தில் மூடைக்கணக்குப் பார்க்கும்போது எனக்குக் கைகொடுப்பது அன்று தகப்பனார் விளக்கடியில் இருத்திப் பாடவைத்த அந்த ஓசைதான்.

வகுத்தலுக்கு என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வளவுக்கு 50 தென்னம்பிள்ளைகள் கொண்டுவந்திருந்தேன். வரிசைக்கு எட்டு நட்டால் எத்தனை வரிசை வரும் என்று மகளைக் கேட்டேன். அவள் தென்னம்பிள்ளைகளைப் பார்க்கவே இல்லை. ஆறெட்டு நாற்பத்தெட்டு என்று தனக்குள் சொல்லிவிட்டு, ஆறு வரிசை, இரண்டு கன்றுகள் மிஞ்சும் என்றாள். மிஞ்சிய இரண்டையும் கிணற்றடியில் நட்டோம். மீதி என்றால் என்ன என்பது அவளுக்கு அன்றிலிருந்து மறக்கவில்லை.

முள்ளியவளை ஓய்வுநிலை ஆசிரியர்:

தம்பி, பாடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆறெட்டு என்று அவள் நேரே தொட்டாள் அல்லவா, அந்த நேரடித் தொடுகையைத்தான் நானும் சொல்கிறேன். ஓரெட்டிலிருந்து ஏறியும் பாடட்டும், பத்தெட்டிலிருந்து இறங்கியும் பாடட்டும்.

வவுனியா ஆசிரியை:

அக்கா, ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். வகுத்தல் கேள்வி இரண்டு விதமாக வரும். 24 கச்சான் விதைகளை ஆறு பேருக்குச் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு எத்தனை என்பது ஒன்று; ஆளுக்கு ஆறாகக் கொடுத்தால் எத்தனை பேருக்குப் போதும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை 4 என்றாலும் கை செய்யும் வேலை வேறு. முதல் வகையை மட்டுமே பழகிய பிள்ளை இரண்டாவது வகைக் கேள்வியில் திகைத்து நிற்பதை வகுப்பில் அடிக்கடி காண்கிறேன். இரண்டையும் கச்சானை வைத்தே செய்துபாருங்கள். மணிக்கூட்டை முன்னால் வைத்துக்கொண்டு கேட்கவேண்டாம். பயந்த பிள்ளை தெரிந்ததையும் மறந்துவிடும்.

வட்டக்கச்சித் தாய்:

பன்னிரண்டு நாட்களுக்குப் பின் எழுதுகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மணலில் இடம் மாறிக் குந்தியபோது அவன் கொட்டைகளை மறுபடியும் எண்ணினான். பிறகு அடுத்த பக்கத்துக்கு ஓடிப்போய் மீண்டும் எண்ணினான். மூன்றாம் முறை எண்ணாமலே "அம்மா, இது அதேதான்" என்றான். கோடு போடுவதை இப்போது விட்டுவிட்டான். 42 ÷ 6 என்று கேட்டால், "ஆறோடு எது சேர்ந்தால் நாற்பத்திரண்டு" என்று தன்னையே கேட்டுக்கொண்டு 7 என்கிறான். 54, 56 ஆகிய இரண்டில்தான் இன்னும் தடுமாறுகிறான். ஏழெட்டு 54 என்றும் ஆறொன்பது 56 என்றும் மாற்றிச் சொல்கிறான்.

முள்ளியவளை ஓய்வுநிலை ஆசிரியர்:

அந்த இரண்டிலும் தடுமாறாத பிள்ளையை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன், மகளே. ஐந்தையும் நான்கையும் கூட்டினால் ஒன்பது. ஆகவே 54 ஒன்பதின் வீட்டுப் பிள்ளை. ஐந்தையும் ஆறையும் கூட்டினால் பதினொன்று. ஆகவே 56 அந்த வீட்டுக்கு உரியதன்று. 5, 6, 7, 8 என்று நான்கு எண்களையும் வரிசையாக எழுதி, ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் சமன் குறியையும், ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் பெருக்கல் குறியையும் அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள்: 56 = 7 × 8.