வீட்டுக்குப் பின்னால செத்த எலி நாத்தம் அடிக்கிற பூ, இது கருணைக்கிழங்கா?

லயத்துப்பையன் (சுங்கை சிப்புட்):
வணக்கம். ரெண்டு நாளா வீட்டுக்குப் பின்னால தாங்க முடியாத நாத்தம், எலிதான் செத்துக் கெடக்குன்னு லோங்காங் (சாக்கடை) எல்லாம் வாரி, கோழிக் கூண்டுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாத்து, பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேற எங்க குப்பைத் தொட்டியையே மொறைச்சுட்டுப் போனாங்க. கடைசியில பாத்தா செம்பனை ஓரத்துல, வெட்டுன மட்டையை அடுக்கி வெச்சிருக்கிற எடத்துல, தரையோட தரையா ஒரு பூ! சோத்துப் பானை மூடி அகலம் இருக்கும், ஓரம் பாவாடைக் கொசுவம் மாதிரி சுருக்கம் சுருக்கமா, நடுவுல கத்திரிக்கா கலர்ல மூளை மாதிரி ஒரு உருண்டை. இலை ஒண்ணு கூட இல்ல. அம்மா இது கருணை, தோண்டி புளிக்கொழம்பு வெக்கலாம்னு சங்குல் (மண்வெட்டி) எடுத்துட்டு நிக்கிறாங்க. மாமா இது காட்டுல வர்ற பக்மா பூ, தொடாதேன்னு சொல்றாரு. யாரு சொல்றது சரி?

ஈப்போகாரன்:
டேய் அது உலகத்துலயே பெரிய பூடா, பேப்பர்காரனைக் கூப்பிடு முதல்ல 😂

சேம்புப்பைத்தியம்:
பேப்பர்காரன் வேணாம். தம்பி, உங்க அம்மா சொன்னதுதான் கிட்டத்தட்ட சரி. மாமா சொல்ற பக்மா ரஃப்லேசியா, நம்ம பேராக் மாநிலத்துல கோப்பேங் உலு கெரோ பக்கம் காட்டுல பூக்கும். அது ஒட்டுண்ணி, சொந்தமா இலையும் கெடையாது, கிழங்கும் கெடையாது, காட்டுக் கொடிக்கு உள்ளேயே இருந்து சாப்பிட்டு வளரும். ஈப்போகாரன் மனசுல இருக்கிறது சுமத்ராவுல மட்டும் தானா வளர்ற டைட்டன் ஆரம்ங்கிற செடியோட பூ, அது ஆள் உயரத்தைத் தாண்டும். உங்களோடது அந்த டைட்டனுக்குத் தம்பி முறை. சேனை, கருணைன்னு நம்ம ஆளுங்க சொல்றாங்களே அந்த இனம், பேரு அமோர்ஃபோஃபாலஸ், சேம்புக் குடும்பம்.

இதுல வேடிக்கை என்னன்னா நீங்க பாக்கிறது ஒரு பூவே இல்ல. அந்தப் பாவாடை மாதிரி இருக்கிறது வெறும் மடல். குனிஞ்சு (மூக்கைப் பொத்திக்கிட்டு) உள்ள எட்டிப் பாத்தீங்கன்னா நடுத்தண்டுல, உருண்டைக்குக் கீழ, சோளக்கதிர் மாதிரி நெருக்கமா குட்டிக் குட்டியா ஒட்டிட்டு இருக்கும், அதுதான் நெசப் பூ. கீழ் வரிசை எல்லாம் பொம்பளைப் பூ, அதுக்கு மேல ஆம்பளைப் பூ. மேல இருக்கிற மூளை உருண்டை பூவே கெடையாது, அதோட வேலை சூடாகி நாத்தத்தைக் கெளப்புறது. அழுகின கறின்னு நெனைச்சு வண்டும் ஈயும் ஓடி வரும். மொத நாள் பொம்பளைப் பூதான் தயாரா இருக்கும், அதுக்கப்புறம்தான் ஆம்பளைப் பூ மகரந்தத்தைக் கொட்டும், அதனால தன் மகரந்தம் தனக்கே விழாது. வேற பூவுல இருந்து பொடியோட வர்ற வண்டுதான் இதுக்கு வேணும்.

இலை இல்லன்னு சொன்னீங்கல்ல, போன வருசம் அதே எடத்துல புள்ளி போட்ட தண்டோட குடை மாதிரி ஒண்ணு நின்னுச்சான்னு யோசிச்சுப் பாருங்க.

மல்லிகாக்கா_பீடோர்:
எங்க பாட்டி தோட்டத்துல இருந்தப்ப இதைக் காட்டுக் கருணைன்னு சொல்லுவாங்க, எதுத்த லயத்து மலையாளி அம்மா சேனைம்பாங்க, ரெண்டு பேரும் இதுக்கே சண்டை போடுவாங்க. தம்பி, அம்மாகிட்ட சொல்லுங்க, இது பாசார்ல (சந்தையில) விக்கிற கருணை இல்ல, காட்டுல தானா வந்தது பயங்கரமா காறும். நான் ஒரு தடவை கையில எண்ணெய் தடவாம சீவிட்டேன், முழங்கை வரைக்கும் அரிப்பு, ராத்திரி பூரா புளித்தண்ணிய ஊத்திட்டு உக்காந்திருந்தேன். அன்னிக்கு கொழம்பும் யாரும் தொடல, அது வேற கதை.

சேம்புப்பைத்தியம்:
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. கால்சியம் ஆக்சலேட், கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி படிகம், தோல்லயும் நாக்குலயும் குத்தும். என்னான்னு உறுதியா தெரியாத கிழங்கை வாயில வெக்கவே வெக்காதீங்க, தொண்டை வீங்கிட்டா புளியெல்லாம் கேக்காது. இன்னொண்ணு, பூ பூத்த கிழங்கைத் தோண்டி என்ன பிரயோஜனம், சேத்து வெச்ச மாவுச்சத்துல நெறைய சூடாவும் பூவாவும் போயிருக்கும்.

லயத்துப்பையன்:
சார் நீங்க சொன்னதும் அப்படியே புல்லரிச்சுப் போச்சு. போன வருசம் இதே எடத்துல இடுப்பு உயரத்துக்கு ஒரு குடை நின்னுச்சு, தம்பி பாராங்கால (வெட்டுக்கத்தியால) வெட்டி வெளையாடுனான்! பத்தடி தள்ளி இப்பவும் அதே மாதிரி ஒண்ணு நிக்குது, தண்டு பச்சையில வெள்ளை வெள்ளையா புள்ளி, தடவிப் பாத்தேன், சொரசொரன்னு இருக்கு. காலையில பூகிட்ட போனேன், நாத்தம் பாதி கொறைஞ்சிருச்சு, மடலுக்குள்ள மஞ்சப் பொடி கொட்டிக் கெடக்கு, ரெண்டு கருப்பு வண்டு அதுலயே பெரண்டுட்டு இருக்கு. அது ஒரு செடி, இது ஒரு செடியா? இல்ல ரெண்டும் ஒண்ணா?

சேம்புப்பைத்தியம்:
ஒரே வகை, வேற வேற கிழங்கு. சொரசொரன்னு சொன்னதே போதும், அது அமோர்ஃபோஃபாலஸ் பியோனிஃபோலியஸ், சேனைக்கிழங்கோட காட்டு வடிவம். நம்ம ஊர்ல ப்ரைனியைன்னு இன்னொரு வகையும் இருக்கு, அதுக்கு உருண்டை வெளிறின கலர்ல இருக்கும், உங்களோடது கத்திரிக்கா கலர், அதனால அது இல்ல.

தண்டுன்னு நெனைக்கிறீங்களே, அது தண்டு இல்ல, இலைக்காம்பு. அந்தக் குடை மொத்தமும் ஒரே இலை. நெசத் தண்டு மண்ணுக்குள்ள இருக்கிற கிழங்குதான் (மரவள்ளி வேரு, இது தண்டு, ரெண்டையும் கிழங்குன்னே சொல்லிப் பழகிட்டோம்). வருசா வருசம் இலை வளர வளர பழைய கிழங்கு சுருங்கிப் போய் புதுசு ஒண்ணு உருவாகும், அப்புறம் இலை காஞ்சு விழுந்து கிழங்கு தூங்கும். நல்லா பெருத்த வருசம் தூங்கி எழுந்ததும் இலைக்கு முன்னாடி பூ விடும். உங்க தம்பி வெட்டியும் பொழைச்சுக்கிச்சுன்னா அதுக்கு முன்னாடியே கிழங்கு நல்லா பெருத்திருக்கணும். வண்டு வேலை செஞ்சிருந்தா போகப் போக பூவைத் தாங்குற காம்பு நீண்டு, செவப்பா பழம் புடிக்கும், போட்டோ போடுங்க.

லயத்துப்பையன்:
போடறேன் சார். அம்மா சங்குலை உள்ள வெச்சுட்டாங்க, ஆனா முகம் சரியில்ல, பாசார்ல கருணை வாங்கித் தரணுமாம். அடுத்த வாரம் புல்லுக்கு மருந்து அடிக்க ஆளு வருவாங்க, அதனால சுத்தி நாலு குச்சி நட்டு செவப்பு பிளாஸ்டிக் பை கட்டி வெச்சிருக்கேன். மாமா அதைப் பாத்துட்டு என்னடா சாமி நட்டிருக்கியான்னு கேக்கிறாரு.