பழைய மாருதி 800: மீட்டரை வீட்டிலேயே கழற்றலாமா?

செல்வம்_800: தொண்ணூறுகளில் வாங்கிய கார்புரேட்டர் 800. வேகத்தைக் காட்டும் முள் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. இரவில் மீட்டரில் பாதி இருட்டு. நானே கழற்றலாமா?

கோவை_ஸ்பேனர்: தாராளமாக. பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டு, மீட்டரைச் சுற்றியுள்ள மூடியையும் ஸ்க்ரூக்களையும் கழற்றுங்கள். மீட்டரை முன்னால் இழுத்து, பின்னால் கையை விட்டு ஸ்பீடோ கேபிளின் (கியர்பாக்ஸிலிருந்து வேகமுள்ளுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் கேபிள்) லாக்கை அமுக்கினால் விடுபடும். அப்புறம் ஒயர்களை இணைக்கும் கப்ளர்களைக் கழற்றுங்கள். இதற்கெல்லாம் எலக்ட்ரீஷியன் எதற்கு?

பழையவண்டி: கேபிள் மாட்டியிருக்கும்போதே இழுத்தால் லாக் உடையும். முப்பது வருட வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் அது. முதலில் கியர்பாக்ஸ் பக்கம் கேபிளைக் கழற்றி உள்ளே தள்ளுங்கள். மீட்டர் முன்னால் வர இடம் கிடைக்கும். அதைவிட, முள் ஆடுவதற்கு மீட்டரை ஏன் தொடவேண்டும்? பெரும்பாலும் கேபிளுக்குள் சுழலும் கம்பி காய்ந்திருக்கும், இல்லையென்றால் உறை எங்காவது மடங்கியிருக்கும். கேபிளை மாற்றினாலே சரியாகிவிடும்.

கோவை_ஸ்பேனர்: கேபிள் விஷயம் சரி. ஆனால் பல்பு போயிருக்கிறதே, அதை மாற்ற மீட்டர் வெளியே வந்துதானே ஆகவேண்டும்? கழற்றியதோடு எல்லாப் பல்பையும் எல்.இ.டி. ஆக்கிவிடலாம். மீட்டரை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு ரெண்டு நாள் அது இல்லாமலே ஓட்டினாலும் ஒன்றும் ஆகாது.

பழையவண்டி: இதை ஒப்புக்கொள்ளவே முடியாது. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில், என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்யத் தொடங்க வேண்டிய சிறு மின்சாரம் சிவப்பு பேட்டரி விளக்கின் பல்பு வழியாகத்தான் போகிறது. மீட்டரைக் கழற்றி ஓட்டினால் பேட்டரி சார்ஜ் ஏறாமல் போகலாம். எல்.இ.டி. இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் அந்த ஒரு இடத்தில் பழைய பல்பே இருக்கட்டும். ஆயில் விளக்கும் டெம்பரேச்சர் முள்ளும் இல்லாமல் என்ஜினை ஓட விடுவது அதைவிட ஆபத்து.

கோவை_ஸ்பேனர்: சார்ஜ் விளக்கு பற்றிச் சொன்னது நியாயம், அந்தப் பல்பை மாற்ற வேண்டாம். ஆனால் கழற்றவே பயப்பட வேண்டியதில்லை என்பதில் நான் மாறமாட்டேன்.

பழையவண்டி: பயப்படச் சொல்லவில்லை. மீட்டரின் முதுகில் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடும். பல்பு ஹோல்டரைத் திருகும்போது அந்தத் தாள் கிழிந்தால் பழைய மீட்டர் தேடி அலையவேண்டும். ஹோல்டரை நேராகப் பிடித்து, கால் சுற்று மட்டும் திருப்புங்கள். செல்வம், முதலில் கேபிளைப் பாருங்கள்.

செல்வம்_800: கியர்பாக்ஸ் முனையைக் கழற்றிப் பார்த்தேன். உள்கம்பி காய்ந்து, நுனி பிரிந்திருக்கிறது. புதுக் கேபிள் போடும்போதே பல்பையும் மாற்றிவிடுகிறேன், சிவப்பு விளக்கைத் தவிர.