ஔவையார் பெயரில் ‘ள’ எப்படி வந்தது? எழுத்துப் பெட்டிகளின் பிழை குறித்து ஒரு விவாதம்

முற்றத்துவேம்பு:
ஐந்து வயது மகளுக்காகச் சென்ற வாரம் வாங்கிய பிளாஸ்டிக் எழுத்துப் பெட்டியில் ‘ஔ’ தனி எழுத்தாகவே இல்லை. ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்ளும்படி மூடியில் படம் போட்டிருக்கிறார்கள். அவள் அப்படியே அடுக்கி, ஒவ்வோர் எழுத்தின் மீதும் விரல் வைத்து “ஒ... ள... வை” என்று படித்துவிட்டு, கோலூன்றி நிற்கும் பாட்டியின் படத்தைக் காட்டி, “ஒளவைப் பாட்டி எந்த ஊர்?” என்று கேட்டாள். வீடே சிரித்தது. ஆனால் அவள் தன் முன் இருந்ததைச் சரியாகத்தான் படித்தாள். அதே பெட்டியில் அணிலின் படத்துக்குக் கீழே ‘அனில்’ என்றும் இருக்கிறது. இத்தகைய பெட்டிகளைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

அச்சுக்கோப்பவன்:
‘அனில்’ பிழைதான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் ‘ஔ’வை அதனோடு சேர்க்காதீர்கள். பல ஆண்டுகள் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘கௌதாரி’, ‘பௌர்ணமி’ ஆகிய சொற்களில் பின்னால் வரும் குறியும் ‘ள’ போலத்தான் இருக்கிறது, அதற்காக யாரும் ‘கெ-ள-தாரி’ என்று படிப்பதில்லை. 1978இல் தமிழக அரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியபோது, தும்பிக்கை போட்ட ‘லை’, ‘னை’ ஆகியவற்றைப் படித்து வளர்ந்த நாங்கள் புதிய வடிவத்துக்குப் பழகிக்கொள்ளவில்லையா? குழந்தை ஒலியைத் தாயின் வாயிலிருந்து கற்கிறது, பெட்டியிலிருந்து அன்று.

முற்றத்துவேம்பு:
ஐயா, ‘கௌதாரி’யைச் சரியாகப் படிப்பவர்கள் அந்தச் சொல்லை முன்பே அறிந்தவர்கள். ‘ஒளி’ என்ற அட்டையை இரண்டு எழுத்தாகப் படிக்கச் சொல்லிவிட்டு, அடுத்த அட்டையில் ‘ஒள’ ஓரெழுத்து என்றால், குழந்தை எந்த விதியை நம்பும்? உயிரெழுத்து பன்னிரண்டு என்று பாட்டாகச் சொல்லிக் கொடுத்தேன். அவள் பெட்டியைக் கவிழ்த்து எண்ணிப் பார்த்துப் பதினொன்றுதான் இருக்கிறது என்கிறாள். யூனிகோடில் ‘ஔ’வுக்குத் தனி இடம் இருக்கிறது, அதை விட்டுவிட்டு ‘ஒ’, ‘ள’ என்று தட்டினால் கணினியும் அவற்றை இரண்டு எழுத்தாகவே கொள்கிறது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஓலைச்சுவடியில் ஒன்றோடொன்று மயங்கியபோது, ‘பழகிக்கொள்ளுங்கள்’ என்று வீரமாமுனிவர் விட்டுவிடவில்லையே. வேறுபடுத்திக் காட்ட வழி செய்தார். நீங்கள் சொல்லும் 1978ஆம் ஆண்டு மாற்றமும் கற்பதை எளிதாக்க வந்ததுதானே?

பல்லாங்குழி:
நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் அதிகத் தொல்லை தருவது மெய்வரிசை அட்டைகளே. தமிழ்ச் சொல் எதுவும் ‘ண’வில் தொடங்காது என்பதால் அந்த அட்டையில் வண்டின் படத்தைப் போடுகிறார்கள். ‘அ’ என்றால் அம்மா, ‘ஆ’ என்றால் ஆடு என்று முதல் ஒலியைப் பிடித்துப் பழகிய பிள்ளை, வண்டைப் பார்த்ததும் “வ” என்று உரக்கச் சொல்கிறது. ஒரு சிறுவன் ‘ணண்டு’ என்று எழுதிக் கொண்டுவந்தான். சிரிப்பு வந்தது, ஆனால் அவன் தருக்கத்தில் குறையே இல்லை. சொல்லின் நடுவிலுள்ள ‘ண்’ணை மட்டும் சிவப்பில் அச்சிட்டிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

அச்சுக்கோப்பவன்:
பதினோர் உயிர் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, அம்மா, அது குறைதான். கையால் எழுதும்போதும் அச்சிலும் ‘ஔ’வின் பின்பகுதியைச் சிறிதாக்கி, ‘ஒ’வோடு ஒட்டினாற்போல் காட்டுவது நல்ல வழக்கம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஓர் எழுத்துக்காகப் பெட்டி முழுவதையும் திருப்பிக் கொடுப்பது மிகை. தயாரித்தவர்களுக்கு எழுதுங்கள், எழுதும்போது அணிலையும் சேர்த்து எழுதுங்கள்.

முற்றத்துவேம்பு:
நேற்றே எழுதிவிட்டேன். அதுவரை, பிஸ்கட் அட்டையில் சிறிய ‘ள’ போல ஒன்றை வெட்டி, ‘ஒ’வின் வலப்பக்கத்தில் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். இன்று காலை அதை ஒரே துண்டாக எடுத்து ‘வை’க்கு முன்னால் வைத்தாள். திருப்பிக் கொடுப்பது பற்றிய என் கருத்து மாறவில்லை.