நிறுத்தல்: ஓட்டத்தைத் தடுப்பதா, எடை பார்ப்பதா?

கேள்வி
‘நிறுத்தற்குறி’யில் வரும் நிறுத்தலும் ‘நிறுத்தல் அளவை’யில் வரும் நிறுத்தலும் ஒரே சொல்லா? ‘வேட்பாளரை நிறுத்தினார்கள்’ என்னும்போது யாரையும் தடுக்கவில்லையே, களத்தில் இறக்கிவிட்டல்லவா இருக்கிறார்கள்?

பதில் 1
வேர் ஒன்று, வினை இரண்டு. ‘நில்’ என்ற தன்வினைக்கு நிறு, நிறுத்து என இரண்டு பிறவினைகள் உண்டு. காலம் காட்டிப் பாருங்கள், தானாகப் பிரியும்.

எடை: நிறுக்கிறார், நிறுத்தார், நிறுப்பார்.
தடுத்தல்: நிறுத்துகிறார், நிறுத்தினார், நிறுத்துவார்.

தொழிற்பெயரில்தான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. நிறு + தல் = நிறுத்தல்; நிறுத்து + அல் என்றாலும் நிறுத்தல். எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது வினையெச்சத்தில்: ‘பொன்னை நிறுத்துக் கொடுத்தார்’, ஆனால் ‘வண்டியை நிறுத்திக் கொடுத்தார்’. ‘பொன்னை நிறுத்தினார்’ என்றால் எடைப்பொருள் போய்விடும்.

பதில் 2
வேட்பாளருக்கு வருகிறேன். ‘நில்’ என்பதற்குக் காலூன்றி இருத்தல், அசைவு ஓய்தல் இரண்டுமே பொருள். கன்னட ‘நில்லு’வும் மலையாள ‘நில்க்குக’வும் அப்படியே. ஆகவே நிறுத்து என்றால் ஓட்டத்தை ஓயவைப்பது மட்டுமன்று, ஊன்றி வைப்பதும்தான்: தூணை நிறுத்து, வேட்பாளரை நிறுத்து. தொல்காப்பியம் நிலைமொழியை ‘நிறுத்த சொல்’ என்கிறது. முதலில் வைக்கப்பட்ட சொல் என்று பொருள். அங்கே வருவது ‘நிறு’. எடையோ தடுப்போ அதில் இல்லை. நிறுவு, நிறுவனம், நிலை எல்லாம் இதே குடும்பம். ‘நில்லாத வற்றை நிலையின என்றுணரும்’ என்ற குறளில் (331) ஒரே வேர் இருமுறை வருவதைக் கவனியுங்கள். அழகான இடம்.

கேள்வி கேட்டவர்
நன்றி. அப்படியானால் ‘வண்டி நின்றது’ என்பதில் எந்தப் பொருள் என்று எப்படி அறிவது?

பதில் 1
அந்த வடிவம் இரண்டுக்கும் பொது. துணைவினை சேர்த்தால் தெளிவாகும்: ‘நின்றுவிட்டது’ என்றால் ஓட்டம் ஓய்ந்தது, ‘நின்றுகொண்டிருந்தது’ என்றால் ஓரிடத்தில் இருந்தது. மழை, மூச்சு போன்றவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை நின்றால் ஓய்ந்தன என்றே பொருள்.

பதில் 3
ஒன்று விட்டுப்போயிற்று. கடிதத்தில் நலம் விசாரித்து முடித்ததும் ‘நிற்க.’ என்று தனியே எழுதுவோமே, அதுவும் இந்த வேர்தான். நில் + க, ‘ல்’ ‘ற்’ ஆகிறது. ‘இந்தப் பேச்சு இத்துடன் நிற்கட்டும்’ என்று விஷயம் மாற்றும் வியங்கோள். பின்னால் முற்றுப்புள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாக்கியத்தோடு ஒட்டி ‘நிற்பதற்கு’ என்று படிக்கப்படும்.