புதுப்பிப்பு: அடுக்களை மேடையில் ஏறும் பூனை, இப்போ ஏறுவதில்லை

எங்க பூனை அடுக்களை மேடையிலயும் சாப்பாட்டு மேசையிலயும் ஏறுது, என்ன செய்யலாம்னு தக்கலையிலிருந்து போன மாசம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 5 வாரம் ஆச்சு.

தண்ணி பீச்சுறது சரிவரல. நான் நிக்கும்போது ஏறாது, குளிச்சிட்டு வந்தா மேடையில காலடித் தடம் இருக்கும். என்னைக் கண்டாலே கட்டிலுக்கடியில பதுங்க ஆரம்பிச்சது, மனசு கேக்கல, அன்னைக்கே விட்டுட்டேன். ஆரஞ்சு எண்ணெய் தெளிக்காதீங்க, பூனைக்கு அது நஞ்சு.

பலன் தந்தது, ஜன்னல் பக்கம் மேடையைவிட உயரமா ஒரு இடம் கொடுங்கன்னு ஒரு அக்கா சொன்ன யோசனை. அலமாரி மேல பழைய சாக்கை மடிச்சுப் போட்டேன். அங்க ஏறுற ஒவ்வொரு தடவையும் முள் எடுத்த அவிச்ச சாளை ஒரு துணுக்கு. மேடை விளிம்புல இருபக்கம் ஒட்டுற டேப்பும் போட்டேன். கால் பட்டதும் பாதத்தை உதறிட்டு இறங்கிடும். 3 வாரத்துல டேப்பை எடுத்தாச்சு.

எதிர்பார்க்காத விஷயம்: மீன் வாசத்துக்குத்தான் ஏறுதுன்னு நினைச்சேன். மீன் வாங்காத நாளும் ஏறுச்சு. ஒளிஞ்சு நின்னு பாத்தா, குழாயில சொட்டுற தண்ணியை நாக்கை நீட்டி நக்கிட்டிருக்கு! வாஷர் மாத்தினேன். சோத்துத் தட்டிலிருந்து தள்ளி, அகலமான மண்சட்டியில தண்ணி வச்சேன். அதுக்கப்புறம் மேடைப் பக்கமே வரல.

நெத்திலி ஆயுற நாள் மட்டும் அடுக்களைக் கதவைச் சாத்திடுறேன்.